வாசகர் கேள்விகள்: தலைவருக்கு முன்னால் வாய் திறக்க முடிகிறதா?

கேள்வி (கல்லூரி மாணவி ஒருவர்): நல்ல தலைவருக்கு முதல் தகுதி எது? பேச்சாற்றலா, நேர்மையா, துணிச்சலா?

மூன்றும் வேண்டும் அம்மா. ஆனால் முப்பது ஆண்டுகள் செய்தியாளனாக அலைந்தவன் என்ற முறையில் நான் முதலில் பார்ப்பது வேறொன்றை. கெட்ட செய்தியோடு அவரிடம் போகிறவர் என்ன முகத்தோடு வெளியே வருகிறார்?

ஒருமுறை ஆய்வுக் கூட்டம் ஒன்றின் வாசலில் காத்திருந்தேன். பாலத்தின் தூண் ஒன்றில் விரிசல் இருக்கிறது, குறித்த நாளில் திறக்க முடியாது என்று சொல்ல ஓர் இளம் பொறியாளர் கோப்புடன் வந்திருந்தார். "இன்றைக்குச் சொல்லாதே" என்று மேலதிகாரிகள் அவரைத் தடுத்துவிட்டார்கள். கோப்பை மார்போடு அணைத்தபடி அவர் படியிறங்கிப் போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உள்ளே இருந்த தலைவர் கை சுத்தமானவர், அருமையாகப் பேசுபவர். ஆனால் சுற்றியிருந்தவர்கள் அவரைக் கண்டு நடுங்கினார்கள். அந்த நடுக்கத்தை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

இதே பயம் ஒரு நாடு முழுவதும் பரவினால் என்ன ஆகும் என்பதை 1959-இல் சீனா கண்டது. விளைச்சல் கணக்கை ஊதிப் பெருக்கி மேலிடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கிராமங்களில் பட்டினிச் சாவு தொடங்கியிருந்தது. லூஷானில் நடந்த கம்யூனிஸ்ட் கட்சி மாநாட்டின்போது பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய், கட்சித் தலைவர் மாவோவின் 'பெரும் பாய்ச்சல்' எனும் உற்பத்திப் பெருக்கத் திட்டத்தில் இருந்த தவறுகளைச் சுட்டி அவருக்கே தனிப்பட்ட முறையில் கடிதம் எழுதினார். மாவோ அந்தக் கடிதத்தை அச்சிட்டு மாநாட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுத்தார். பெங் பதவியை இழந்தார். அதற்குப் பிறகு யார் வாய் திறப்பார்கள்? பஞ்சம் தொடர்ந்தது, இறந்தவர்கள் கோடிக்கணக்கில். இதை எழுதும்போதும் எனக்கு மனம் பதறுகிறது.

அமெரிக்க அதிபர் கென்னடியையும் நினைத்துப் பாருங்கள். 1961-இல் அவருடைய அரசின் ஆதரவோடு கியூபா மீது நடந்த படையெடுப்பு படுதோல்வி அடைந்தது. அது சரிவராது என்று நினைத்த ஆலோசகர்கள்கூட முக்கியக் கூட்டங்களில் அழுத்திச் சொல்லாமல் இருந்துவிட்டார்கள். தோல்விக்கான பொறுப்பைக் கென்னடி வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். மறு ஆண்டு கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வைக்கப்பட்டதால் நெருக்கடி வந்தபோது, மற்றவர்கள் தயங்காமல் பேசட்டும் என்று சில ஆலோசனைக் கூட்டங்களுக்கு வேண்டுமென்றே போகாமல் இருந்தார். தான் இருப்பதே பிறர் வாயை அடைக்கிறது என்று உணர்ந்தாரே, அந்த இடத்தில்தான் அவர் என் மதிப்பில் உயர்கிறார்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர்): அரியலூர் ரயில் விபத்துக்காகப் பதவி விலகிய சாஸ்திரியைப் போல இன்று யாராவது உண்டா?

அரிது ஐயா. 1956-இல் அந்த ரயிலை ஓட்டியவர் ரயில்வே அமைச்சர் அல்லர். ஆனாலும் தன் துறையில் நடந்ததற்குத் தானே பதில் சொல்ல வேண்டும் என்று சாஸ்திரி கருதினார். அதே ஆண்டில் மெகபூப்நகர் விபத்தின்போதும் அவர் விலக முன்வந்தார்; நேரு அப்போது ஏற்கவில்லை. இப்போது எல்லோரும் பதவி விலக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கீழே இருப்பவரைப் பலிகொடுத்துவிட்டுத் தப்பித்துக்கொள்ளாமல் இருந்தாலே பெரிது.

கேள்வி: எளிய உடை, எளிய வீடு: இவற்றை வைத்துத் தலைவரை எடைபோடலாமா?

போடாதீர்கள். எளிமை நல்ல குணம். ஆனால் எளிய உடை அணிந்த கொடுங்கோலர்களும் வரலாற்றில் உண்டு.

கேள்வி (இல்லத்தரசி): சங்கம் ஒன்றுக்குத் தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறேன். மூத்த உறுப்பினர் ஒருவர் எதற்கெடுத்தாலும் மறுத்துப் பேசுகிறார். என்ன செய்வது?

வாழ்த்துகள். மண்டேலாவைச் சிறுவயதில் வளர்த்தவர் தென்னாப்பிரிக்காவின் தெம்பு இன மக்களின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த ஜோங்கின்டாபா. அவருடைய சபையில் எல்லோரும் பேசி முடிப்பார்கள், சிலர் அவரையே கடுமையாகக் கண்டிப்பார்கள். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில்தான் பேசுவார். அந்தப் பாடத்தை மண்டேலா கடைசிவரை மறக்கவில்லை. நீங்களும் கூட்டத்தில் கடைசியாகப் பேசிப் பாருங்கள். அந்த மூத்தவர் சொல்லும் மறுப்பை நடவடிக்கைக் குறிப்பேட்டில் அவருடைய சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்கான வரவு செலவுக் கணக்கை, மற்றவர்களுக்குக் கொடுப்பதற்கு முன்பே அவரிடம் கொடுத்து, "பிழை இருந்தால் சொல்லுங்கள்" என்று கேளுங்கள்.