எஸ்பௌஸ் என்றால் வெறும் ஆதரவா?

அன்புள்ள சார்,

தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சும் மொழிபெயர்ப்பும் செய்கிறேன். ஒரு தீர்ப்பில், தொழிலாளியின் பிரச்சினையைச் சங்கம் ‘எஸ்பௌஸ்’ (espouse) செய்யவில்லை, அதனால் வழக்கு நிற்காது என்று வருகிறது. அகராதியில் ‘மணந்துகொள்’ என்றும் ‘ஆதரி’ என்றும் இருக்கிறது. நான் ‘ஆதரிக்கவில்லை’ என்று போட்டேன். வக்கீல் ‘அது இல்லம்மா’ என்கிறார், எது என்று சொல்லமாட்டேன் என்கிறார். ஒரு நடிகரையோ கட்சித் தலைவரையோ ‘எஸ்பௌஸ்’ செய்கிறேன் என்று எழுதலாமா?

கு., திருப்பூர்

அன்புள்ள கு.,

உங்கள் வக்கீல் சொன்னது சரி. அந்த இடத்தில் ‘ஆதரி’ போட்டால் தீர்ப்பே கவிழ்ந்துவிடும்.

2025 வரை நடப்பில் இருந்த 1947ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டப்படி, தனி ஒரு தொழிலாளியின் குறை தானாகவே தொழில் தாவா, அதாவது தொழில் தகராறு, ஆகிவிடவில்லை. அந்த நிறுவனத்தின் தொழிலாளர் சங்கமோ, கணிசமான சக தொழிலாளர்களோ அதை எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பம்பாய்ப் பத்திரிகையாளர் சங்கம் இந்து நாளிதழுக்கு எதிராக நடத்திய வழக்கில் 1961இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: வெளியே இருக்கும் ஒரு சங்கம் பரிந்து பேசினால் போதாது, அந்த நிறுவனத்து ஆட்கள் பின்னால் நிற்கவேண்டும். அப்புறம் 1965இல் 2ஏ பிரிவைச் சேர்த்தார்கள். வேலைநீக்கம், ஆட்குறைப்பு போன்றவற்றுக்குச் சங்கம் இல்லாமலே தொழிலாளி தனியாக வழக்காடலாம் என்று ஆனது. ஆனால் இடமாற்றம், பதவி உயர்வு மாதிரி விஷயங்களுக்குப் பழைய நிபந்தனை அப்படியே நின்றது. உங்கள் கையில் இருக்கும் தீர்ப்பும் அந்த ரகமாகத்தான் இருக்கும்.

ஆக, அனுதாபம் வேறு, எஸ்பௌஸ் வேறு. கூட்டத்தில் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறவரும் ஆதரவாளர்தான், நாளைக்கு அவர் மனம் மாறினால் யாரும் கேட்கப்போவதில்லை. எஸ்பௌஸ் செய்தவர் பலர் அறிய ‘இது என் வழக்கு, என் கொள்கை’ என்று ஏற்றுக்கொண்டுவிட்டார், இனி அதற்குப் பதில் சொல்லியாகவேண்டும்.

அந்தக் கனம் எங்கிருந்து வந்தது என்பதற்கு உங்கள் அகராதியின் முதல் பொருளே சாட்சி. லத்தீனில் ‘ஸ்பான்டேரே’ என்றால் சடங்குபூர்வமாக வாக்குக் கொடுப்பது. அதிலிருந்து வந்தவைதான் கணவனையோ மனைவியையோ குறிக்கும் ஸ்பௌஸும், லத்தீனில் பிணை நிற்பவரைக் குறித்த ஸ்பான்சரும். 1611இல் வந்த ஆங்கில பைபிளில் மரியாள் யோசேப்புக்கு ‘எஸ்பௌஸ்’ ஆனவள். நம் தமிழ் வேதாகமம் அங்கே ‘நியமிக்கப்பட்டிருக்கையில்’ என்கிறது, அதாவது மணம் நிச்சயிக்கப்பட்டவள். கொள்கையைக் கைப்பிடிக்கும் பொருள் அதே பதினேழாம் நூற்றாண்டில் பரவி, இன்று கல்யாணப் பொருள் ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. நடிகரை எஸ்பௌஸ் செய்வதாக நீங்கள் எழுதினால் மட்டும் அது திடீரென்று உயிர்பெற்று எழும், படிப்பவர் சிரித்துவிடுவார். கொள்கை, கோட்பாடு, லட்சியம், ஒருவரின் வழக்கு, இவைதான் அந்த வினைக்குச் செயப்படுபொருள். தலைவரை அல்ல, அவர் பேசும் சமத்துவத்தை எஸ்பௌஸ் செய்யலாம்.

இன்னொரு நெளிவும் உண்டு, செய்தித்தாள் படிக்கும்போது கவனியுங்கள். ‘அவர் அகிம்சையை எஸ்பௌஸ் செய்கிறார்’ என்று நிருபர் எழுதினால், அவர் அப்படிச் சொல்லிக்கொள்கிறார் என்பதற்கு மட்டுமே உத்தரவாதம், உள்ளே நம்புகிறாரா என்பதற்கு இல்லை. கிறிஸ் ஆர்கிரிஸும் டொனால்ட் ஷோனும் 1974இல் நிர்வாகவியலில் இந்த இடைவெளிக்கே பெயர் வைத்தார்கள்: ஒருவர் வாயால் சொல்லும் கோட்பாடு ‘எஸ்பௌஸ்டு தியரி’, அவர் நடத்தையில் தெரிவது ‘தியரி இன் யூஸ்’. ‘என் அறைக்கதவு எப்போதும் திறந்திருக்கும்’ என்று சொல்லும் மேலாளரின் அறை வாசலில் ஊழியர்கள் அனுமதிச் சீட்டோடு நிற்பார்கள் இல்லையா, அதுதான். (நம் அரசியலுக்கு இதைப் பொருத்திப் பார்க்க ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது.)

எக்ஸ்பௌண்ட் என்று ஒன்று இருக்கிறது, அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது விரித்துரைப்பது. கடவுளை மறுக்கும் சார்வாகத் தத்துவத்தை வகுப்பில் வருடக்கணக்காக விளக்கும் ஆசிரியர் நெற்றி நிறையத் திருநீறோடும் வரலாம்.

சரி, உங்கள் வாக்கியம். தொழிற்சங்கக்காரர்கள் தினமும் ‘சங்கம் கையில் எடுத்திருக்கு’ என்றுதானே சொல்கிறார்கள்? ‘இந்தத் தாவாவைச் சங்கம் தன்னுடையதாகக் கையில் எடுத்து நடத்தவில்லை’ என்று போட்டு வக்கீலிடம் காட்டுங்கள். ‘தன்னுடையதாக’ என்பதை மட்டும் அவர் அடித்தாலும் விட்டுவிடாதீர்கள்.