பட்டடைக்கல் அப்புறம், முதலில் நெருப்பு: கொல்லுவேலை கேள்வி பதில்

வீட்டுக் கொல்லையில் சிறிய உலை போட்டு இரும்படிக்க விரும்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பாதிக்கு மேல் கத்தியைப் பற்றிய கேள்விகள்தாம். அவற்றை வேண்டுமென்றேதான் பின்னால் தள்ளியிருக்கிறேன்.

அண்ணா, கோவையில் பொறியியல் படிக்கிறேன். கையில் ஐயாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். முதலில் எதை வாங்குவது?

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி வாங்குங்கள், தம்பி. பழுத்த இரும்பை அடிக்கும்போது பொருக்கு தெறிக்கும். அது கண்ணை நோக்கி வர ஒரே ஒரு முறை போதும். அடுத்து ஒரு கிலோ எடையுள்ள சுத்தியல். புதிது வேண்டாம், காயலான் கடையில் கிடைப்பதே நன்று. அதன் முகத்தின் விளிம்புகளை அரத்தால் ராவி வளைத்துவிடுங்கள். கூரான விளிம்போடு அடித்தால் ஒவ்வோர் அடியும் இரும்பில் வெட்டுத் தழும்பாக விழும்.

குறடு இப்போது வேண்டாம். 12 மி.மீ. கம்பியை இரண்டு முழ நீளத்துக்கு வாங்கினால், ஒரு முனை உலையில் பழுக்கும்போது மறு முனையைக் கையிலேயே பிடிக்கலாம். அதில் சுவர்க் கொக்கி செய்யுங்கள். நுனியைக் கூராக்குவது, வளைப்பது, முறுக்குவது, தட்டையாக்குவது, துளையிடுவது என்ற ஐந்தும் ஒரு கொக்கிக்குள் வந்துவிடும். கொக்கிகள் ஒன்றைப் போல ஒன்று வரத் தொடங்கியபின் குறட்டை நீங்களே செய்துகொள்ளலாம். மிச்சப் பணத்தைக் கரிக்கு வையுங்கள். பருத்திச் சட்டையும் தோல் செருப்பல்லாத மூடிய தோல் காலணியும் வீட்டிலேயே இருக்கும். பாலியெஸ்டர் துணி பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

இணையக் கடையில் 25 கிலோ பட்டடைக்கல் மலிவாகக் கிடைக்கிறது. படத்தில் கொம்பு எல்லாம் வைத்து அழகாக இருக்கிறது. வாங்கலாமா? (சென்னை)

வார்ப்பிரும்பாக இருந்தால் வேண்டாம். எஃகுக் கல் அடியைத் திருப்பிக் கொடுக்கும், வார்ப்பிரும்பு விழுங்கிக்கொள்ளும். உங்கள் கைதான் அந்த நட்டத்தைச் சுமக்கும். போதாக்குறைக்கு விளிம்பு உடைந்து தெறிக்கும். கடைக்கு நேரில் போனால் ஒரு பால்பேரிங் குண்டைப் பத்து அங்குல உயரத்திலிருந்து கல்லின் மேல்முகத்தில் போட்டுப் பாருங்கள். ஏழெட்டு அங்குலம் துள்ளினால் நல்ல கல். இரண்டு மூன்றோடு படுத்துவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

கொம்பு வைத்த கல்தான் கொல்லன் கல் என்ற எண்ணம் வெளிநாட்டுக் காணொளிகள் பார்த்து வந்தது. நம் ஊர்ப் பட்டறைகளில் மரக்கட்டையில் புதைத்த சதுர எஃகுத் துண்டுதான் கல். அரிவாளுக்குப் பெயர்போன திருப்பாச்சேத்தியானாலும் வேறெந்த ஊரானாலும், கையால் அடித்த கருவிகள் பெரும்பாலும் அப்படிப்பட்ட கல்லிலிருந்து வந்தவையே. நான்கு அங்குலச் சதுரமும் எட்டு அங்குல உயரமும் உள்ள இரும்புத் துண்டு ஏறக்குறைய 16 கிலோ வரும். தொடங்குவதற்கு அது தாராளம். பழைய தண்டுத் துண்டு, தடித்த தகட்டை வெட்டியது, எதுவானாலும் சரி. கறிக்கடையில் வைத்திருப்பது போன்ற புளியங்கட்டையில் குழி தோண்டி அசையாமல் இறக்குங்கள். நின்று அடிப்பவருக்கு, கையைத் தொங்கவிட்டு விரல்களை மடக்கினால் விரல்கணு தொடும் உயரத்தில் கல்லின் முகம் இருக்க வேண்டும்.

தண்டவாளத் துண்டு நல்ல கல்தான், அதுவும் செங்குத்தாக நிறுத்தினால். படுக்கப்போட்டால் நடுவிலிருக்கும் மெல்லிய பகுதி அதிர்ந்து அடியைக் கெடுக்கும். ஆனால் பழைய இரும்புக் கடைக்காரர் "எங்கிருந்தோ வந்தது" என்று சொல்லிக் கொடுக்கும் தண்டவாளத்தைத் தொடாதீர்கள். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கென்றே 1966ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஏலத்தில் எடுத்த ரசீது உள்ளவரிடம் மட்டும் வாங்குங்கள்.

ஐயா, உலையை எப்படிக் கட்டுவது? எங்கள் ஊரில் கரிக்குப் பஞ்சமில்லை. (ராமநாதபுரம்)

சீமைக் கருவேலக் கரி விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு நிலக்கரிக்கு அலைய வேண்டாம். கனமான கரி, நின்று எரியும், கந்தகம் கிடையாது.

பழைய இரும்புப் பெட்டியோ பெரிய தகரமோ எடுத்துக்கொள்ளுங்கள். களிமண்ணும் மணலும் கலந்து நிரப்பி, நடுவில் ஒரு சாண் ஆழத்துக்குச் சரிவான பள்ளம் விடுங்கள். பக்கவாட்டில் ஓர் அங்குலக் குழாய், பள்ளத்தின் அடியிலிருந்து மூன்று நான்கு விரல் உயரத்தில் உள்ளே நுழைய வேண்டும். குழாய் ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசியது, ஆக இருக்கக் கூடாது. துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். அந்தப் புகையை இழுத்தால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் வந்து படுக்க வேண்டியிருக்கும். பூச்சில்லாத கருப்பு எம்.எஸ். (மென் எஃகு) குழாயே வாங்குங்கள். நுனி நாளடைவில் எரிந்து தேயும், அதற்குக் களிமண் பூசிக்கொண்டே இருக்க வேண்டும்.

காற்றுக்குக் கையால் சுற்றும் புளோயர் சிறந்தது. மின்சார புளோயர் வைத்தால் காற்றைக் குறைக்க ஒரு வால்வு கட்டாயம். புதியவர்கள் எல்லாரும் காற்றை அளவுக்கு மேல் விடுகிறார்கள். கரி பறக்கிறது, நெருப்பு அகலமாகிறது, இரும்பு கறுத்த பொருக்கோடு வெளியே வருகிறது. கரியைப் பாக்கு அளவு முதல் சிறிய எலுமிச்சை அளவு வரை உடைத்து, பள்ளத்துக்கு மேலும் ஒரு சாண் குவியுங்கள். இரும்பு அந்தக் குவியலின் நடுவில் படுக்க வேண்டும். காற்று வாயில் நேராக வைத்தால் எரியாமல் மிஞ்சிய காற்று இரும்பைத் தின்னும். மேலே வைத்தால் வெளிக்காற்று தின்னும்.

நிறத்தைப் படிக்கப் பழகுங்கள். மங்கிய சிவப்பில் வளைக்க மட்டும் முடியும். ஆரஞ்சிலிருந்து மஞ்சள் வரை, அதாவது சுமார் 900 முதல் 1,100 டிகிரி வரை, அடிக்க வேண்டிய நேரம். சிவப்புக்குக் கீழே இறங்கிய பிறகும் அடித்தால் இரும்பு நகராது, விரிசல்தான் விழும். வெண்மை ஏறிக் கம்பி மத்தாப்பு போலப் பொறி விட்டால் இரும்பு எரிகிறது என்று பொருள். அந்தத் துண்டை வெட்டி எறிய வேண்டியதுதான். வெயிலில் இந்த நிறங்கள் எதுவுமே தெரியாது. நம் கொல்லர்கள் பட்டறையை இருட்டாக வைத்திருப்பது வசதியின்மையால் என்று பலர் நினைக்கிறார்கள். உலை நிழலில் இருந்தால்தான் இரும்பு எவ்வளவு பழுத்திருக்கிறது என்பதே தெரியும்.

சிரட்டைக் கரி பாவிக்கலாமா? (யாழ்ப்பாணம்)

பாவிக்கலாம். சூடு நன்றாக வரும். ஆனால் மெல்லிய சில்லுகள் என்பதால் காற்றில் பறக்கும், சீக்கிரம் தீரும். மரக்கரியோடு கலந்து, காற்றைக் குறைத்து வையுங்கள்.

அடுக்குமாடியில் இருக்கிறேன். பால்கனியில் சிறிய எரிவாயு உலை வைக்க முடியுமா?

முடியாது. கார்பன் மோனாக்சைடு, நெருப்பு, சத்தம், பக்கத்து வீட்டுக் குழந்தைகள் என்று காரணம் எத்தனை வேண்டும்? வார இறுதியில் ஒரு பட்டறைக்குப் போங்கள், அது பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். தனி வீடும் திறந்த கொட்டகையும் உள்ளவர்கள் எரிவாயு உலை வைக்கலாம். சமையலுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டரை இதற்குப் பயன்படுத்துவது விதிமீறல், 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டும். அடுப்பு ரெகுலேட்டர் இதற்குப் போதாது; அழுத்தம் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரும் அதற்கேற்ற குழாயும் தேவை. உள்ளே ஒட்டும் செராமிக் பஞ்சின் இழைகள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் மேலே தீக்களிமண் பூச்சு இல்லாமல் கொளுத்தவே கூடாது.

பழைய இரும்புக் கடையில் எந்த இரும்பைப் பொறுக்குவது?

கொக்கி, கீல், கம்பி வேலைக்கு எம்.எஸ். போதும். அதைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் எவ்வளவு தோய்த்தாலும் கடினமாகாது, கரிமம் கால் சதவீதத்துக்கும் குறைவு. வெட்டும் கருவிக்கு லாரியின் ஸ்பிரிங் பட்டை. நம் நாட்டில் அது பெரும்பாலும் இ.என். 45 என்ற வகை எஃகு, கரிமம் அரை சதவீதத்துக்கு மேல். அரிவாள் அடிப்பவர்கள் அதைத் தேடுவது இதனால்தான். பட்டை பழசானால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கக்கூடும், பழுக்கக் காய்ச்சி ஆறவிட்டுப் பாருங்கள். கட்டடத்துக்குப் போடும் முறுக்குக் கம்பியில் கத்தி செய்யாதீர்கள். அதன் மேல்தோல் மட்டும் கடினம், உள்ளே மெத்து. பெயின்ட், முலாம், ஈயம் பூசிய எதையும் உலைக்குள் விடாதீர்கள்.

நான் ஐந்தடி உயரம், உடல் மெலிவு. இந்த வேலை பெண்ணால் முடியுமா? (திருச்சி)

சகோதரி, சாலையோரத்தில் கூடாரம் போட்டு அரிவாளும் கோடரியும் அடித்து விற்கும் வடநாட்டுக் குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். பெரிய சம்மட்டியை ஓங்கி அடிப்பது அங்கே பெரும்பாலும் பெண்கள்தாம், குறடு பிடித்து இரும்பைத் திருப்புவது ஆண். நம் ஊர்க் கொல்லர் வீடுகளிலும் துருத்தி இழுத்து, சம்மட்டி போட்ட பெண்கள் ஏராளம். யாரும் அவர்களைக் கொல்லர் என்று எழுதி வைக்கவில்லை, அவ்வளவே. 700 அல்லது 800 கிராம் சுத்தியலில் தொடங்குங்கள். பிடியை இறுக்காமல், தோளிலிருந்து வீசுங்கள். இரும்பு போதுமான சூட்டில் இருந்தால் பலம் அதிகம் தேவைப்படாது.

கத்தி செய்து தண்ணீரில் தோய்த்தேன், "டிக்" என்று சத்தம் கேட்டு அலகு பிளந்துவிட்டது. ஏன்?

மூன்று காரணம் இருக்கலாம்: சூடு அதிகம், தண்ணீர் குளிர்விக்கும் வேகம் அதிகம், அதற்கு முன் இரும்பை ஆசுவாசப்படுத்தவில்லை.

அடித்து முடித்த அலகுக்குள் இழுவிசை நிறைந்திருக்கும். சிவக்கக் காய்ச்சி, காற்றில் தானாக ஆறவிடுங்கள். இப்படி மூன்று முறை. பிறகு தோய்ச்சல். நூலில் கட்டிய காந்தத்தை அலகின் அருகே கொண்டுபோங்கள். 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை இழுக்காது. அதைத் தாண்டி இன்னும் ஒரு நிழல் சிவந்ததும் எண்ணெயில் இறக்குங்கள். ஸ்பிரிங் பட்டைக்கு எண்ணெய்தான், தண்ணீர் அல்ல. கடலை எண்ணெய் போதும், கை பொறுக்கும் அளவுக்குச் சூடாக்கியது. இரும்பு வாளியில் ஊற்றி, மூடியைப் பக்கத்தில் வைத்திருங்கள். தீப்பிடித்தால் மூட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது. வண்டியில் வடித்த கழிவு எண்ணெய் வேண்டாம், அந்தப் புகை நஞ்சு.

இப்போது அலகு அரத்தில் ராவினால் வழுக்கும், கீழே விழுந்தால் கண்ணாடித் துண்டாக உடையும். அதனால் அன்றே அந்தக் கடினத்தைக் கொஞ்சம் குறைத்துப் பதம் இறக்க வேண்டும். பளபளப்பாகத் தேய்த்துவிட்டு, முதுகுப் பக்கத்தை மெல்லச் சூடாக்குங்கள். வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறம் ஓடி வரும். வெட்டும் வாய்ப்பக்கம் வைக்கோல் மஞ்சளைத் தொட்டதும், ஏறக்குறைய 220 டிகிரி, நிறுத்தித் தண்ணீரில் குளிர்வியுங்கள். முதுகு நீலமாக இருந்தால் நல்லது, அது வளைந்து கொடுக்கும். அரிவாள் போல ஓங்கி வெட்டும் கருவிக்கு வாயைப் பழுப்பு வரை விடலாம். வீட்டில் கேக் சுடும் ஓவன் இருந்தால் 200 டிகிரியில் ஒரு மணி நேரம், இரண்டு முறை வையுங்கள். சமையலறைக்குச் சொந்தக்காரரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு.

வாள் செய்ய வேண்டும் என்பது என் கனவு.

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் உள்ள ஆயுதப் பட்டியலில் வாள், ஈட்டி எல்லாம் பெயர் சொல்லியே இருக்கின்றன. வீடு, விவசாயம், தொழிலுக்கானவை நீங்கலாக 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகும் அந்தப் பட்டியலில் சேரும். தமிழகக் காவல்துறை 2021இல் அரிவாள் செய்பவர்களிடமே வாங்குவோரின் விவரத்தைக் குறித்துவைக்கச் சொன்னது. களைக்கொத்தி செய்யுங்கள், அதை வாங்குகிறவர் நன்றி சொல்வார்.

கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. எங்கே போவது?

பக்கத்துச் சந்தைக்குப் போய், இந்த அரிவாளை அடித்தவர் யார் என்று கேளுங்கள். பத்து இருபது கிலோமீட்டருக்குள் ஒரு பட்டறை பெரும்பாலும் இருக்கும். வெறுங்கையோடு போய் "சொல்லிக் கொடுங்கள்" என்று நிற்காதீர்கள். வீட்டிலிருக்கும் மழுங்கிய மண்வெட்டியையோ கடப்பாரையையோ எடுத்துச் சென்று காய்ச்சிக் கொடுக்கச் சொல்லுங்கள், கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள், அருகில் நின்று பாருங்கள். இரண்டாவது முறை போகும்போது புளோயர் சுற்றலாமா என்று கேளுங்கள். கேட்காமல் செல்போனைத் தூக்கிப் படம் எடுக்காதீர்கள். ஒரு நாள் முழுதும் அவர் நேரத்தை எடுத்துக்கொண்டால் ஒரு நாள் கூலியைக் கொடுப்பதுதான் முறை. வேலை குறைந்துவரும் பட்டறைகளுக்கு அது உதவியும்கூட. விதைப்புக்கும் அறுவடைக்கும் முந்திய வாரங்களில் அவர்களுக்குத் தலை நிமிர நேரமிருக்காது. அப்போது போய் நிற்க வேண்டாம்.

உங்களைப் போன்ற நான்கு பேர் சேர்ந்தால் ஓர் உலையும் ஒரு கல்லும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். ஒருவர் இரும்பைப் பிடிக்க இன்னொருவர் சம்மட்டி போடுவது தனியாளாகக் கற்க முடியாத வேலை.

நான் பிரிட்டனில் வசிக்கிறேன். இங்கே வழி உண்டா?

உண்டு. பிரிட்டிஷ் கலைக்கொல்லர் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. ஹெரிபோர்ட் அருகே ஹோம் லேசியில் கொல்லுவேலைக்கென்றே தேசியப் பள்ளி இருக்கிறது. வட அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு 1973இல் தொடங்கிய அபானா என்ற கலைக்கொல்லர் சங்கமும் அதோடு இணைந்த உள்ளூர்க் குழுக்களும் இருக்கின்றன.

அப்பா கொல்லர். எனக்கு 36 வயது. இயந்திரச் சம்மட்டி வாங்கக் கடன் கிடைக்குமா?

தமிழக அரசு 2025இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தைப் பாருங்கள். 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியம். 35 வயது நிரம்பியிருக்க வேண்டும், உங்களுக்கு அது பொருந்துகிறது. மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பம் பற்றிக் கேளுங்கள். பொழுதுபோக்காக அடிப்பவர்களுக்கு இது இல்லை.

சுட்டுக்கொண்டால் என்ன செய்வது?

ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மை, பற்பசை, மாவு எதுவும் பூச வேண்டாம். உள்ளங்கையை விடப் பெரிய புண், முகம், மூட்டு என்றால் உடனே மருத்துவமனை. சிவந்த இரும்பை யாரும் தொடுவதில்லை. கறுத்துவிட்ட இரும்புதான் சுடும். கீழே கிடப்பதை எடுக்கும் முன் புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். பழுத்த துண்டைச் சிமென்ட் தரையில் போடாதீர்கள், தரை வெடித்துச் சிதறும். மண் தரைதான் நல்லது.

பக்கத்து வீட்டார் சத்தத்துக்குச் சண்டைக்கு வருகிறார்கள்.

கல்லுக்கும் கட்டைக்கும் இடையில் ரப்பர் துண்டு வையுங்கள், கல்லின் இடுப்பில் கனமான சங்கிலியைச் சுற்றுங்கள். கணகணப்பு நன்றாகக் குறையும். பிற்பகல் தூக்க நேரத்திலும் இரவிலும் அடிக்காதீர்கள். அவர்கள் வீட்டு அரிவாள்மணையை ஒருமுறை இலவசமாகத் தீட்டிக் கொடுத்துப் பாருங்கள்.