அத்தை மகனைக் கட்டுனதாலயா கட்டி திரும்ப வந்துச்சு?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் நாங்க. பையனுக்கு எட்டு வயசு. அஞ்சு வயசுல சிறுமூளைல கட்டி, பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா கிரேடு 1னு ஆபரேஷன் பண்ணாங்க. இப்ப அதே இடத்துல திரும்ப வந்திருக்கு, ஜீன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுதாவ. அத்தை மகனைக் கட்டுனதாலதான்னு சொந்தத்துலயே பேச்சு. சின்னவளுக்கும் வருமா டாக்டர்?

பதில்: தங்கச்சி, அந்தப் பேச்ச காதுல வாங்காதிய. ஜீன்னு சொன்னதும் எல்லாரும் வம்சம், ரத்தம்னு போயிருதாவ, டாக்டர் கேக்கது கட்டியோட ஜீன. சிறுமூளைல வர்ற இந்த வகைக் கட்டில பெரும்பாலும் பிராஃப்ங்கிற ஜீன் இன்னொரு ஜீனோட போய் ஒட்டிக்கிடும், செல்ல வளரச் சொல்லுத சுவிட்ச் அது, ஒட்டுனப்பறம் அணையவே அணையாது. பையன் தலைக்குள்ள ஏதோ ஒரு செல்லுல தானா நடந்தது, நீங்க குடுத்து வந்ததில்ல.

அப்ப டெஸ்ட் எதுக்குன்னா மருந்துக்கு. ஒட்டிக்கிட்டிருக்கா, இல்ல வி600இ-ன்னு ஒரு எழுத்து மாறியிருக்கான்னு தெரியணும். எழுத்து மாறுனதுக்கு டப்ராஃபெனிப், ட்ராமெட்டினிப் ரெண்டையும் சேத்து குடுக்க 2023ல அமெரிக்கால பிள்ளைகளுக்கு அனுமதி வந்தாச்சு. ஒட்டுன கட்டிக்கு அந்த டப்ராஃபெனிப்ப மட்டும் குடுத்தா கட்டி இன்னும் வேகமா வளந்துரலாம், அதான் கண்ண மூடிட்டு ஆரம்பிக்கக் கூடாதுங்கேன். திரும்பி வந்த கட்டிக்குன்னே டோவோராஃபெனிப் 2024ல அங்க வந்திருக்கு, ரெண்டு மாதிரிக்கும் கேக்கும். ஆனா கத்தி எட்டுற இடம்னா மறுபடி ஆபரேஷனத்தான் மொதல்ல யோசிப்பாவ, முழுசா எடுத்துட்டா பல பேருக்கு மருந்தே தேவப்படாது.

மொத ஆபரேஷன்ல எடுத்த சதைய மெழுகு பிளாக்கா வச்சிருப்பாவ, எழுதிக் குடுத்து வாங்கிக்கோங்க. இந்தக் கட்டில மூல மாறுதல் பெரும்பாலும் அப்பிடியே இருக்கும், பழைய பிளாக்கே போதும். மெடுல்லோபிளாஸ்டோமாங்கிற வேற வகை மூளைக்கட்டின்னா கத வேற, திரும்பி வரும்போது ஜீன் ரொம்ப மாறியிருக்கும், புதுச் சதைதான் வேணும். பிளாக்க வெயில்ல நிக்கிற கார்ல போட்டுட்டுப் போயிராதிய, இளகிரும்.

சொந்தத்துல கட்டுனத டாக்டர்ட்ட மறைக்கவும் வேண்டாம். அப்பா அம்மா ரெண்டு பேர்ட்ட இருந்தும் கெட்டுப்போன ஜீன் வந்து, சின்ன வயசுலயே மூளைக்கட்டி, குடல் கட்டின்னு வர்ற அபூர்வ நோய் ஒண்ணு உண்டு, சொந்தத்துல கட்டுனவிய வீட்டுல அதுக்கு வாய்ப்பு கூட. உங்க பையனுக்கு வந்த கட்டி அந்த மாதிரி தெரியல. இருந்தாலும் ரெண்டு பிள்ளைகளையும் பகல் வெளிச்சத்துல நிறுத்தி, ஒடம்புல அந்த நோய்க்கு அடையாளமா காப்பி கலர்ல திட்டு திட்டா இருக்கான்னு பாருங்க. இருந்தா டாக்டர்ட்ட காட்டுங்க. ஒண்ணுமில்லன்னா சின்னவளுக்கு ஸ்கேன் கீன்னு அலையாதிய.