கேள்வி பதில்: ஸ்டுடியோவா, மேடையா?

கேள்வி: ஸ்டுடியோவில் சுத்தமாகப் பதிவு செய்த பாட்டு கையில் இருக்கும்போது, கூட்டத்தின் கூச்சலோடு வரும் ராக் கச்சேரிப் பதிவுகளை ஏன் தேடித் தேடிக் கேட்கிறீர்கள்? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: ஒரே ஒரு பாட்டைச் சொல்கிறேன். டீப் பர்பிள் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் ‘ஸ்பேஸ் ட்ரக்கின்’. 1972இல் வந்த ‘மெஷின் ஹெட்’ ஆல்பத்தில் அது நாலரை நிமிஷப் பாட்டு. அதே வருஷம் ஆகஸ்டில் ஜப்பானுக்குப் போய் வாசித்தபோது கிட்டத்தட்ட இருபது நிமிஷம் ஓடியது, எல்பி ரெக்கார்டில் ஒரு பக்கம் முழுக்க அது ஒன்றுதான். பாட்டு அதேதான், ஆனால் பாடி முடித்த பிறகு ஜான் லார்ட் ஆர்கனில் எங்கோ கிளம்பிப் போகிறார், ரிச்சி பிளாக்மோர் கிடாரோடு பின்னாலேயே போகிறார், அடுத்து என்ன வரும் என்று வாசிப்பவர்களுக்கே தெரியாத அந்த நிமிஷங்கள்தான் எனக்கு வேண்டியவை. ஸ்டுடியோவில் அது கிடைக்காது.

ஆகஸ்ட் 15, 16 ஒசாகாவில், 17 டோக்கியோவின் புடோகான் அரங்கில், ஆக மூன்று ராத்திரி. அந்த மூன்றிலிருந்தும் ஏழு பாட்டுகளை எடுத்து இரண்டு ரெக்கார்டாகப் போட்டார்கள், அதுதான் ‘மேட் இன் ஜப்பான்’. ஜப்பான் ரசிகர்களுக்காக மட்டும் என்று ஆரம்பித்த வேலை. குழுவுக்கே இதில் பெரிய ஆர்வம் இருக்கவில்லை! ‘ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்’ பாட்டில் பிளாக்மோர் கிடாரில் ஒன்று வாசிக்க, பாடகர் இயான் கில்லன் அதையே தொண்டையில் திருப்பித் தருவார். கர்நாடகக் கச்சேரியில் பாடகர் விட்டதை வயலின் பிடிப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புரிய நேரமே ஆகாது, இங்கே திசைதான் மாறியிருக்கிறது, கிடார் முன்னால் போகிறது, குரல் பிடிக்கிறது.

கேள்வி: டீப் பர்பிளின் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ ஒரு நிஜத் தீவிபத்தைப் பற்றியது என்கிறார்களே? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: ஆமாம், வரிக்கு வரி நடந்ததுதான். 1971 டிசம்பர் 4, சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோ ஊர் கசீனோவில் அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி. கூட்டத்தில் யாரோ ஃபிளேர் துப்பாக்கியால் (அவசர சைகைக்காக நெருப்பு விடும் துப்பாக்கி) கூரையைப் பார்த்துச் சுட, கட்டடமே எரிந்துபோனது. கச்சேரி ஏற்பாட்டாளர் கிளாட் நோப்ஸ் உள்ளே ஓடிப்போய்ப் பிள்ளைகளை வெளியே இழுத்துவந்தார், பாட்டில் ‘ஃபங்கி கிளாட்’ என்று வருவது அவர்தான். அதே கசீனோவில் ‘மெஷின் ஹெட்’ ஆல்பத்தைப் பதிவு செய்யத்தான் டீப் பர்பிள் அந்த ஊருக்கு வந்திருந்தது. ஏரி மேல் புகை பரவியதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சில நாள் கழித்துத் தூக்கத்திலிருந்து எழும்போது பேஸ் கிடார்காரர் ரோஜர் குளோவரின் வாயில் இந்தத் தலைப்பு வந்ததாம். அப்புறம் குளிர்காலத்துக்காக மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டலின் நடைபாதையில் மெத்தைகளைச் சாத்தி வைத்து, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பதிவு லாரியை வெளியே நிறுத்தி, ஆல்பத்தை முடித்தார்கள். இவ்வளவும் நடந்தும் முதல் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டு ரெக்கார்டாக, அவர்கள் விட்டது வேறொரு பாட்டை. இது சிங்கிளாக வந்தது 1973இல்தான், அமெரிக்கப் பாட்டு வரிசைப் பட்டியலில் நாலாவது இடம் வரை போனது.

கேள்வி: எனக்கு ஆங்கிலப் பாட்டின் வார்த்தைகள் பிடிபடுவதில்லை. நான் ரசிக்க முடியுமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: தாராளமாக. டீப் பர்பிளின் ‘சைல்ட் இன் டைம்’ கேளுங்கள். வார்த்தை கொஞ்சம்தான், பாதிப் பாட்டு கில்லனின் ‘ஊ’வும் ‘ஆ’வும், மெல்ல ஆரம்பித்துப் படிப்படியாக ஏறிக் கடைசியில் அலறலாகிவிடும். எனக்கு இன்றைக்கும் அந்த இடத்தில் கை சில்லிட்டுப் போகிறது. அதன் ஆர்கன் மெட்டுக்கு மூலம் ‘இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே’ என்ற சான்ஃபிரான்சிஸ்கோ குழுவின் ‘பாம்பே காலிங்’. நம்ம பம்பாய்தான்! இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஒரு வேண்டுகோள், சின்ன போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், பேஸ் சுத்தமாகக் காணாமல் போய்விடும்.

கேள்வி: காலத்தில் பின்னால் போய் ஒரே ஒரு கச்சேரி பார்க்கலாம் என்றால்? (வாசகி, சேலம்)

பதில்: ஜப்பான் என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். இல்லை. 1971 ஆகஸ்ட் 1, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன். வங்காளதேச அகதிகளுக்காக சிதார் கலைஞர் ரவிசங்கர் கேட்டுக்கொண்டதால் பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசன் நடத்தியது, மதியம் ஒன்று, ராத்திரி ஒன்று என இரண்டு கச்சேரி. முதலில் ரவிசங்கரின் சிதாரும் அலி அக்பர் கானின் சரோடும், அல்லா ரக்கா தபலா. அவர்கள் சுருதி சேர்த்து முடித்ததும் மொத்த அரங்கமும் கைதட்டியது. சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புகிறேன், என்றார் ரவிசங்கர். அவருக்குப் பிறகு ஹாரிசன், எரிக் கிளாப்டன், ரிங்கோ ஸ்டார், அப்புறம் பாப் டிலன், அவர் மேடைக்கு வருவாரா என்பது கடைசி வரை ஹாரிசனுக்கே நிச்சயமில்லை. அந்தக் கைதட்டலின்போது கூட்டத்தில் நான் இருந்திருக்க வேண்டும்.

கேள்வி: கடைசியாகக் கேட்ட பாட்டு? (வாசகர், புதுச்சேரி)

பதில்: இன்று காலை பஸ்ஸில் ‘லேஸி’, அதே ஜப்பான் பதிவு. இறங்கும் இடம் வந்தபோது இன்னும் மூன்று நிமிஷம் பாக்கி இருந்தது, நிழற்குடையில் உட்கார்ந்து முடித்துவிட்டுத்தான் நடந்தேன்.