கேள்வி – பதில்: கூட்டம் போட்டால் நம்பிக்கை வருமா?

கேள்வி: எங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் மாதந்தோறும் குடியிருப்போர் கூட்டம் நடக்கிறது, இளைஞர்களுக்கு விளையாட்டுப் போட்டியும் வைக்கிறார்கள். ஆனாலும் புகார் கொடுக்கப் பலர் தயங்குகிறார்கள். இப்படிக் காவலர்கள் மக்களோடு சேர்ந்து செயல்படும் சமூகக் காவல் முறையால் உண்மையிலேயே குற்றம் குறைகிறதா?

பதில்: குற்றம் குறைவதும் நம்பிக்கை வளர்வதும் ஒன்றல்ல. அமெரிக்காவின் நியூவார்க் நகரில் 1970களின் இறுதியில் காவலர்களை நடந்தே ரோந்து செல்ல வைத்து ஆராய்ந்தபோது, பதிவான குற்றங்கள் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் அப்பகுதி மக்களின் அச்சம் குறைந்தது, காவலர்களைப் பற்றிய எண்ணமும் மேம்பட்டது. அதற்கு முன்பு 1972–73இல் கான்சாஸ் நகரில் வாகன ரோந்தைச் சில பகுதிகளில் நிறுத்தியும் சிலவற்றில் பெருக்கியும் பார்த்தபோதோ, குற்றத்திலும் அச்சத்திலும் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை. வாகனத்தில் கடந்து போகும் காவலரை யாரும் நிறுத்திப் பேசுவதில்லை என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

காவலர்கள் பந்து விளையாடுவதில் குற்றமில்லை. ஆனால் புகார் கொடுக்கத் தயங்குபவரின் மனத்தை அது மாற்றிவிடாது. காவலர் தன்னை மரியாதையாக நடத்தினாரா, தன் தரப்பைச் சொல்ல இடம் கொடுத்தாரா, பாரபட்சமின்றி முடிவெடுத்தாரா என்பவையே, முடிவு சாதகமாக அமைந்ததா என்பதைவிட மக்களின் மதிப்பீட்டை அதிகம் தீர்மானிப்பதாக உளவியலாளர் டாம் டைலரின் ஆய்வுகள் காட்டுகின்றன. அறிமுகமான காவலரை அடிக்கடி இடமாற்றம் செய்யும் நிர்வாகம், எத்தனை கூட்டம் போட்டாலும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.

கேள்வி: கூட்டத்துக்குப் போகிறவர்களைக் 'காவல்துறையின் ஆள்' என்று அக்கம்பக்கத்தார் ஒதுக்குகிறார்களே?

பதில்: அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. தனிநபர்களைப் பற்றித் துப்புக் கேட்கும் இடமாகக் கூட்டம் மாறினால், வருபவர் அனைவருக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். எரியாத தெருவிளக்கு, இரவில் தொல்லை நடக்கும் சந்து, தாமதமாக வரும் ரோந்து போன்ற பொதுப் பிரச்சினைகளை மட்டும் அங்கே பேசட்டும். குற்றத் தகவல் தர விரும்புபவருக்குத் தனி வழி இருக்கட்டும். ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும், சென்ற முறை எழுந்த பிரச்சினைகளில் எவை தீர்ந்தன, எவை ஏன் தீரவில்லை என்பதைக் காவல் ஆய்வாளரே வாசிக்க வேண்டும் என்று குடியிருப்போர் சார்பில் எழுத்து மூலம் கேளுங்கள்.