கையெழுத்து வாங்கிய பிறகும் கேட்க வேண்டும்: இளம் ஆய்வாளர்களின் கேள்விகளும் பதில்களும்

பழங்குடி மக்களிடம் ஆய்வுக்குப் போகும் முனைவர் பட்ட மாணவர்களுக்கு அறநெறிப் பயிற்சி நடத்தி வருகிறேன். தரவு இறையாண்மை, அதாவது தங்களைப் பற்றிய தரவின் மீது அந்த மக்களுக்கே உள்ள உரிமை, என்று பலகையில் எழுதியதுமே கைகள் உயர்ந்துவிடும். இந்த முறை வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

நந்தினி: மேடம், பெயர், ஊர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுத்தான் தரவை வெளியிடுகிறோம். அதற்கு மேல் இதில் இறையாண்மை எங்கே வருகிறது?

பெயரை நீக்கினால் தனி ஆள் தப்பிக்கலாம், அவருடைய இனம் தப்பிக்காது. ஹவசுபாய் மக்களுக்கு நடந்ததைப் பாருங்கள். இவர்கள் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பகுதியில் வாழ்பவர்கள். நீரிழிவு அவர்களை வாட்டியது. 1990-இல் தொடங்கி அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை நோய்க்கு வழி பிறக்கும் என்று நம்பித்தான் மக்கள் கையை நீட்டினார்கள். அந்த ரத்தமே பிறகு மனச்சிதைவு நோய், உறவுக்குள் மணம், முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பது போன்ற ஆய்வுகளுக்கும் போனது. தாங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. கட்டுரைகளோ வேறு கதை சொன்னன. இத்தனைக்கும் ஒப்புதல் படிவம் இருந்தது. "நடத்தை, மருத்துவக் கோளாறுகள்" என்று எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும்படி அதில் ஒரு வரி.

2003-இல் அந்த இனத்துப் பெண் ஒருவர் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவரின் ஆய்வேட்டு உரையைக் கேட்கப் போனார். தன் மக்களின் ரத்தத்தைப் பற்றித்தான் பேச்சு என்று அங்கேதான் தெரிந்தது. இதற்கு அனுமதி வாங்கினீர்களா என்று எழுந்து கேட்டார். அந்த மக்கள் தொடுத்த வழக்கு 2010-இல் சமரசத்தில் முடிந்தது. 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கிடைத்தது, மீதமிருந்த ரத்தமும் திரும்பி வந்தது. அந்தக் கட்டுரைகளில் யாருடைய பெயராவது தெரிந்துவிட்டதா என்பது அங்கே கேள்வியே இல்லை. தங்களைப் பற்றி என்ன ஆராயலாம், கையில் இருப்பதை என்ன செய்யலாம் என்று முடிவெடுக்கும் உரிமை அந்த மக்களுடையது. தரவு இறையாண்மை என்பது அதுதான்.

இளங்கோவன்: நிதி கொடுப்பவர்கள் தரவைத் திறந்து வையுங்கள் என்கிறார்கள். நீங்கள் மூடச் சொல்கிறீர்கள். யார் பேச்சைக் கேட்பது?

நான் மூடச் சொல்லவில்லை. சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். 2016-இல் வந்த 'ஃபேர்' நெறிகள் தரவை எளிதாகத் தேடி எடுத்து மறுபடி பயன்படுத்தும்படி வைக்கச் சொல்கின்றன. அவை தரவைப் பற்றிப் பேசுகின்றன, தரவுக்குப் பின்னால் இருக்கும் மக்களைப் பற்றி அல்ல. அந்தக் குறையை நிரப்பத்தான் 2019-இல் 'கேர்' நெறிகள் வந்தன. மக்கள் எல்லோருக்குமான நன்மை, கட்டுப்படுத்தும் அதிகாரம், பொறுப்பு, அறம் ஆகிய நான்கும் அதில் அடக்கம். கனடாவின் முதல் குடிகள் 1998-லேயே 'ஓகேப்' என்ற பெயரில் உடைமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம் என்று நான்கையும் தங்களுக்காகக் கேட்டுவிட்டார்கள்.

நடைமுறையில், இப்படி ஒரு தரவு இருக்கிறது என்ற குறிப்பை எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். தரவு வேண்டுபவர் அந்த மக்களின் குழுவிடம் கேட்கட்டும். இதைத் தரவு மேலாண்மைத் திட்டத்தில் முதல் நாளே எழுதிவிடுங்கள். ஐரோப்பிய ஆணையமே "முடிந்த அளவு திறந்து, தேவையான அளவு மூடி" என்றுதான் சொல்கிறது.

செல்வி: அக்கா, எங்கள் துறையில் இதைக் கற்றுக்கொடுக்க எனக்கு ஒரே ஒரு நாள்தான் தந்திருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

நெறிகளில் தொடங்காதீர்கள். மனப்பாடம் செய்துகொண்டு போய்விடுவார்கள்.

நான் ஆளுக்கு ஒரு தாளும் உறையும் கொடுப்பேன். உங்கள் வீட்டுக்குள் மட்டும் பேசப்படும் ஒரு விஷயத்தை எழுதி ஒட்டுங்கள், யாரும் பிரிக்கப் போவதில்லை என்று சொல்லிவிடுவேன். அப்புறம் உறைகளை அப்படியே அடுத்த மேசைக்கு மாற்றுவேன். இதை எத்தனை வருடம் வைத்திருக்கலாம், யார் படிக்கலாம், இணையத்தில் போடலாமா என்பதை அந்த மேசைக்காரர்கள் முடிவு செய்து உரக்கப் படிக்க வேண்டும். ஒரு முறை "பத்து வருடம், அப்புறம் பொதுவில்" என்று ஒரு குழு படித்ததும், பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து வந்து தன் உறையை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டார். "இது எங்கள் பாட்டியோட விஷயம் மேடம். நான் எழுதியே கொடுத்திருக்கக் கூடாது" என்றார். தனிமனித ஒப்புதலுக்கும் கூட்டு ஒப்புதலுக்கும் உள்ள வித்தியாசத்தை அரை நாள் பேசியும் என்னால் அப்படிப் புரிய வைத்திருக்க முடியாது.

மீதி நேரத்தில் அவரவர் ஒப்புதல் படிவத்தையே எடுத்து ஹவசுபாய் படிவத்தின் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

அருள்: ஊர்த் தலைவர் சரி என்றார். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அனுமதி கிடைத்ததா, இல்லையா?

கிடைக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கேரளத்தின் காணிப் பழங்குடியினரைப் பாருங்கள். 1987-இல் அகத்தியர் மலையில் தாவரம் தேடிப் போன அறிவியலாளர்களுக்கு வழிகாட்டிய காணிகள், களைப்புத் தெரியாமல் இருக்க ஒரு காயைத் தின்றுகொண்டே நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து பிறந்தது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997-இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் வந்தது. பலன் பகிர்வுக்கு முன்மாதிரி என்று இன்றும் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் வைத்தியம் பார்க்கும் பிலாத்திகள் சிலர், எங்கள் அறிவைத் தனியாருக்குக் கொடுத்தது தவறு என்று எதிர்த்தார்கள். அந்த அறிவைக் காத்துவந்தவர்களே அவர்கள்தான். சரி என்றவர்கள் வேறு சிலர்.

ஆகவே கூட்டு அனுமதி, தனி ஆள் ஒப்புதல் இரண்டும் வேண்டும். ஒன்றை வைத்து மற்றொன்றை ஈடுகட்ட முடியாது. பெண்களோடு தனியே உட்காருங்கள், முடிந்தால் ஒரு பெண் ஆய்வாளரை அனுப்புங்கள். சில மக்களுக்கு, ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் குழு சொந்தமாகவே உண்டு. அமெரிக்காவின் நவஹோ இனத்தவருக்கு இருக்கிறது, 2002 முதல் மரபணு ஆய்வையே அவர்கள் நிறுத்தி வைத்தார்கள். தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017-இல் தங்கள் ஆய்வு நெறிமுறையைத் தாங்களே வெளியிட்டார்கள். அங்கெல்லாம் உங்கள் பல்கலைக்கழகக் குழுவின் முத்திரை மட்டும் போதாது.

பெயர் வேண்டாம் என்றவர்: என் நெறியாளர் பல வருடம் முன்பு பதிவுசெய்த ஒலிநாடாக்களை என்னிடம் தந்திருக்கிறார். ஒப்புதல் எதுவும் இல்லை. பயன்படுத்தலாமா?

முதலில், அவை உங்களிடம் இருக்கின்றன என்பதை அந்த மக்களிடம் போய்ச் சொல்லுங்கள். கேட்பதெல்லாம் அப்புறம்.

இதில் நானே தவறியிருக்கிறேன். மாணவியாக இருந்தபோது ஒரு மூதாட்டி பாடிய பாட்டுகளைப் பதிந்தேன். அடுத்த முறை போனபோது, "அந்தப் பாட்டு இப்போ எங்கே இருக்கு?" என்று கேட்டார். கணினியில் பத்திரமாக இருக்கிறது என்றேன். "விதைக்கிற காலத்துல மட்டும்தான் பாடணும். உன் பெட்டிக்குள்ள அது எப்பவும் பாடிக்கிட்டே இருக்குமே?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கோப்பு இன்று அவர் பேத்தியிடம் இருக்கிறது. என்னிடம் பிரதி இல்லை.

திருப்பிக் கொடுப்பதற்குக் காலம் கடந்துவிடவில்லை. 1960-களின் இறுதியில் அமேசான் காட்டின் யானோமாமி மக்களிடம் எடுத்த ரத்த மாதிரிகள் 2015-இல் பிரேசிலுக்குத் திரும்பின. அவர்கள் அந்த ரத்தத்தைச் சடங்கு செய்து மண்ணில் புதைத்தார்கள்.

மீனா: நேர்காணல் ஒலியை எழுத்தாக்க ஏதாவது ஒரு ஏஐ செயலியில் ஏற்றிவிடலாமா?

அந்த ஒலி எந்த நிறுவனத்தின் சர்வரில் போய் உட்காரும், அதை வைத்து எதைப் பயிற்றுவிப்பார்கள் என்று உங்களால் அந்த மக்களிடம் சொல்ல முடியுமா? முடியாதென்றால் ஏற்றாதீர்கள். வேறு வழியும் இருக்கிறது. நியூசிலாந்தின் மாவோரி ஊடக அமைப்பான தே ஹிக்கு 2018-இல் தன் மக்களிடமே கேட்டு, 10 நாளில் 300 மணி நேரத்துக்கும் மேலான குரல் பதிவுகளைத் திரட்டியது. அதை வைத்துத் தன் மொழிப் பேச்சை எழுத்தாக்கும் கருவியைத் தானே உருவாக்கியது. தரவு வெளியாட்கள் கைக்குப் போகவில்லை.

அருள் (மறுபடியும்): எல்லாம் சரியாகச் செய்தும் அவர்கள் வேண்டாம் என்றால்? மூன்று வருட நிதி, நெறியாளரின் நெருக்கடி...

வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அந்தப் பதிலுக்கும் இடம் வைத்துத்தான் திட்டத்தை எழுத வேண்டும். முதல் ஆறு மாதம் பேசுவதற்கும் பழகுவதற்கும் மட்டும் என்று கால அட்டவணையிலேயே போடுங்கள், அதற்குப் பணமும் கேளுங்கள். நெறியாளர்களையும் இந்தப் பயிற்சியில் உட்கார வைக்க வேண்டும் என்று நான் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பது இதற்காகத்தான்.

என் மாணவி ஒருவர் பிரசவ வழக்கங்களைப் பற்றி ஆராயப் போனார். பெண்கள் கூடிப் பேசிவிட்டு, அது எங்களோடு இருக்கட்டும் என்றார்கள். அதுவரை எழுதிய இரண்டு குறிப்பேடுகளை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தார். நான்கு மாதம் கழித்து அவர்களே கூப்பிட்டார்கள். ஊற்று வற்றுகிறது, அதைப் பற்றி எழுதித் தர முடியுமா என்று கேட்டார்கள். அவர் ஆய்வேடு இப்போது அந்த ஊற்றைப் பற்றித்தான்.