அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஆன்டனி எட்வர்ட்ஸ் தன் ஜெர்சியில் 1-ஆம் எண்ணிலிருந்து 5-க்கு ஏன் மாறினார்?

அது அம்மா, பாட்டியின் நினைவாக. அட்லாண்டாவில் வளர்ந்த எட்வர்ட்ஸ், 2015-இல் சில மாத இடைவெளியில் இருவரையும் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். இருவரும் இறந்தது மாதத்தின் 5-ஆம் தேதியில். அப்போது பள்ளிச் சிறுவன். அண்ணனும் அக்காவும்தான் வளர்த்தார்கள்.

ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் 5-ஆம் எண்ணில்தான் ஆடினார். 2020 டிராஃப்டில் (என்பிஏ லீக் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் அணி அவரை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தபோது, அங்கே அந்த எண் வேறொருவரிடம் இருந்தது. சரி, 1 என்று தொடங்கினார். 2023-24 சீசனில்தான் 5 கைக்கு வந்தது.

அந்த சீசனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிளே-ஆஃப் சுற்றில் நடப்புச் சாம்பியன் டென்வர் அணிக்கு எதிரான தொடரின் முடிவைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டம், இரண்டாம் பாதியில் 20 புள்ளி பின்தங்கல். அதிலிருந்து மீண்டு வென்றார்கள்! அப்புறம் எட்வர்ட்ஸுக்கு அமெரிக்க அணியோடு பாரிஸ் ஒலிம்பிக் தங்கம்.